கடல் பாலூட்டிகள் சிக்காத வலை: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

வலைக்கண்ணி எழுதியது:

மீன்பிடிக் கருவிகளின் வடிவமைப்பைப் பயிலும் நாங்கள் சிலர், மீனின் செவுள் கண்ணியில் மாட்டும்படி சுவர்போல் நிற்கும் செவுள் வலைகளில் டால்பின்களும் கடற்பன்றிகளும் தற்செயலாகச் சிக்கி மூச்சடைத்து இறப்பதைக் குறைக்கக்கூடிய ஒரு வலையைச் செய்து பார்க்க முனைந்திருக்கிறோம். திமிங்கலம், டால்பின், கடற்பன்றி ஆகிய இனங்களைச் சேர்ந்த விலங்குகள் ஆண்டுக்கு 3 இலட்சத்துக்கும் மேல் மீன்பிடிக் கருவிகளில் சிக்கி இறக்கின்றன என்று 2000-களின் தொடக்கத்தில் மதிப்பிடப்பட்டது. அவற்றில் மிகப் பெரும்பான்மை செவுள் வலைகளில் இறப்பவை. பருத்தி, சணல் நூல்களின் இடத்தை நைலான் பிடித்த பிறகு இவ்வலைகள் மலிவாகவும் மெல்லியவையாகவும் நீண்ட காலம் உழைப்பவையாகவும் ஆகிவிட்டதால், கடலில் இறங்கும் வலையின் நீளமும் பெருகிவிட்டது.

நாங்கள் படித்தவரை நான்கு வழிகள் தெரிகின்றன: வலையில் ஒலியெழுப்பும் கருவிகளைப் பொருத்துவது, விலங்கின் ஒலியைத் திருப்பி அனுப்பும் பொருளை நூலிலோ கண்ணியிலோ சேர்ப்பது, மேல்கயிற்றில் விளக்குகளைக் கட்டுவது, வலையையே நீர்மட்டத்துக்குக் கீழே தாழ்த்திப் போடுவது. கையிலுள்ள நிதிக்கு ஒன்றை மட்டுமே கடலில் சோதிக்க முடியும். அனுபவமுள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் என்று சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.


அலைவரிசை எழுதியது:

எந்த வழி என்று கேட்பதற்கு முன்னால், எந்த விலங்கு என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கடுத்த கேள்வி, அந்த விலங்கு வலை இருப்பதை அறியாமல் வந்து மோதுகிறதா, அல்லது வலையில் மீன் இருப்பதை அறிந்தே வருகிறதா என்பது. இவ்விரண்டுக்கும் ஒரே தீர்வு பொருந்தாது. முதலாவதற்கு உதவும் கருவி இரண்டாவதற்குக் கேடாகவும் முடியலாம்.

துறைமுகக் கடற்பன்றியை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 130 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் சொடுக்கொலிகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைக் கொண்டு சுற்றுப்புறத்தை உணர்கிறது. அந்த அதிர்வெண்ணில் கடல்நீரில் ஒலியின் அலைநீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர். ஒற்றை இழை நைலான் நூலின் தடிமனோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அலைநீளத்தைவிட இவ்வளவு மெல்லிய பொருளிலிருந்து எழும் எதிரொலி மிக வலுவற்றது. கடலடியில் போடப்படும் செவுள் வலையைக் கடற்பன்றி 3 முதல் 6 மீட்டர் தொலைவில்தான் உணர முடியும் என்றும், பெருமூக்கு டால்பின் 25 முதல் 55 மீட்டர் தொலைவிலேயே உணர்ந்துவிடும் என்றும் 2000-ஆம் ஆண்டில் வெளியான கணிப்பு ஒன்று காட்டியது. விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் வரும் கடற்பன்றிக்கு, மூன்று மீட்டர் என்றால் திரும்புவதற்கு இரண்டு விநாடிதான் கிடைக்கிறது. அதுவும் அது வலையை நேராக நோக்கியபடி, சொடுக்கொலியை எழுப்பிக்கொண்டு வந்தால்தான்.

ஆனால் 25 மீட்டருக்கு அப்பாலேயே வலையை உணரக்கூடிய டால்பின்களும் சிக்குகின்றன என்பதைக் கவனியுங்கள். எல்லா நேரமும் அவை ஒலியெழுப்பியபடி நீந்துவதில்லை. மீனைத் துரத்தும்போது அவற்றின் கவனம் மீன்மேல் குவிந்திருக்கிறது. வலையில் மாட்டிய மீன்களின் எதிரொலி வலையின் எதிரொலியை மறைக்கவும் கூடும். ஆகவே, வலையின் எதிரொலியைக் கூட்டுவது கடற்பன்றிக்குப் பயன்படலாம். டால்பினுக்கு அது போதும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எதிரொலி முறையையே பயன்படுத்தாத கடற்பசுவுக்கும் கடற்சிங்கத்துக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் பகுதியில் சிக்குவது எந்த இனம் என்பதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.


துடுப்பு எழுதியது:

பல காலம் செவுள் வலைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். வலையில் எதைச் சேர்த்தாலும், அது வலை நீரில் கிடக்கும்போது மட்டும் வேலை செய்தால் போதாது. படகில் அடுக்கி வைத்த வலை தடையின்றி ஓட வேண்டும். வலை வாங்கும் உருளையின் வழியே உடையாமல் ஏற வேண்டும். இருட்டில், ஆடும் தளத்தில், ஈரக் கையோடு மீனைக் கழற்றும்போது தொல்லை தரக்கூடாது. கண்ணியில் கட்டிய சிறு உருண்டை ஒவ்வொன்றும் அடுத்த மடிப்பின் கண்ணியில் புகுந்து மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒலிக்கருவி உருளையில் அடிபட்டால் நீர் புகுந்து ஊமையாகிவிடும். ஊமையானது கரைக்கு வந்த பிறகும் தெரியாது. மின்கலம் தீர்ந்ததும் அப்படித்தான்.

இரண்டாவதாக, மீன்பாடு. ஒரு வலையால் மீன் குறையும் என்று தெரிந்தால், சட்டம் சொன்னாலும் மனம் ஒப்பி அதைப் பயன்படுத்துவோர் குறைவு. குறையாது என்று தெரிந்தால், டால்பின் சிக்காத வலையை விரும்பாத மீனவர் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு டால்பின் சிக்கினால் வலை கிழியும், அரைநாள் வேலை போகும், அதை வெட்டியெடுக்கும் கைகளுக்கும் அது துன்பம்தான்.


அலைவரிசை எழுதியது:

துடுப்பு அவர்கள் ஒலிக்கருவி ஊமையாவதைக் குறிப்பிட்டது மிக முக்கியமானது. அதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் மேய்ன் வளைகுடாவில் நடந்த சோதனையில், ஒலிக்கும் கருவிகள் பொருத்திய வலைகளையும் ஒலிக்காத கருவிகள் பொருத்திய வலைகளையும் ஏறக்குறையச் சம எண்ணிக்கையில் போட்டார்கள். எந்த வலையில் ஒலி இருக்கிறது என்பது மீனவர்களுக்கும் கண்காணிப்பாளர்களுக்கும் தெரியாதபடி ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊமைக் கருவிகள் இருந்த வலைகளில் 25 கடற்பன்றிகள் சிக்கின. ஒலிக்கும் வலைகளில் இரண்டே சிக்கின. கருவியோ எளிமையானது, 10 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், நான்கு விநாடிக்கு ஒருமுறை சிறு ஒலி எழுப்புவது, அவ்வளவே. பிறகு இது அங்கே சட்டப்படி கட்டாயமானது. பின்னாளில் அந்த மீன்பிடிப்பின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எல்லாக் கருவிகளும் முறையாகப் பொருத்தப்பட்ட வலைகளில் கடற்பன்றிகள் சிக்குவது வெகுவாகக் குறைந்திருந்தது. சில கருவிகள் விடுபட்ட வலைகளிலோ, கருவியே இல்லாத வலைகளைவிட அதிகமாகச் சிக்கியிருந்தன. ஒலி இருக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒலியில்லாத பகுதியைத் திறந்த வழி என்று விலங்கு கருதியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். காரணம் எதுவானாலும், அரைகுறையாகப் பராமரிக்கப்படும் ஒலிக்கருவி பாதுகாப்பானது என்று கொள்ள இடமில்லை.

கடற்பன்றிகள் இந்த ஒலிக்குப் பழகிப்போகுமா என்ற ஐயமும் உண்டு. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஒற்றைக் கருவியை வைத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் வெகுதூரம் விலகிய கடற்பன்றிகள் சில நாட்களிலேயே நெருங்கி வரத் தொடங்கின. ஆனால் அமெரிக்காவில் நீண்ட காலம் இவற்றைப் பயன்படுத்திய மீன்பிடிப்புகளில், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிக்குவது கூடியதாகத் தெரியவில்லை. கலிபோர்னியாவின் வழிவலை (நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் செவுள் வலை) மீன்பிடிப்பில் 1990-களின் பிற்பகுதியில் கருவிகள் வந்த பிறகு அலகுத் திமிங்கலங்கள் சிக்குவது முற்றிலும் நின்றது. அது எவரும் எதிர்பாராத அளவு நல்ல விளைவு.

இனி மறுபக்கம். அர்ஜென்டினாவில் பிரான்சிஸ்கானா டால்பின்களைக் காக்க இதே வகைக் கருவிகளைப் பொருத்தியபோது டால்பின்கள் சிக்குவது குறைந்தது. ஆனால் கடற்சிங்கங்கள் அந்த ஒலியை இரைக்கான அழைப்பாகவே கற்றுக்கொண்டு, வலையில் மாட்டிய மீன்களைக் கடித்துச் சேதப்படுத்துவது நாளடைவில் பெருகியது. நான் முதலில் சொன்ன இரு வகை விலங்குகளும் ஒரே வலையருகில் இருந்தால் இப்படித்தான் ஆகிறது. கடற்சிங்கங்களும் கடல்நாய்களும் நன்றாகக் கேட்க இயலாத அளவு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் கருவிகள் இதற்காகவே பின்னர் உருவாக்கப்பட்டன.


மடிக்கயிறு எழுதியது:

செவுள் வலையை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அறிந்தே வரும் விலங்குக்கான வடிவமைப்பு என்ன என்பதை கப்பல் பின்னால் இழுத்துச் செல்லும் இழுவலையிலும், மீன்கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மூடும் சுருக்கு வலையிலும்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துத் தீவுகளை ஒட்டிய கணவாய் இழுவலைகளில் கடற்சிங்கங்கள் கணவாயைத் தின்ன வலைக்குள்ளேயே புகுந்து, வெளியேறும் வழி தெரியாமல் மூச்சுமுட்டி இறந்தன. அங்கே 2000-களில், வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடிக்கு முன்னால் ஒரு சாய்ந்த கம்பித் தடுப்பைப் பொருத்தினார்கள். கம்பிகளுக்கு இடையே சுமார் 23 செண்டிமீட்டர் இடைவெளி. கணவாய் அதன் வழியே மடிக்குள் போய்விடும், கடற்சிங்கம் தடுப்பில் சறுக்கி மேலே உள்ள திறப்பு வழியே வெளியேறும். திறப்பின்மேல் முகடுபோல் கவிந்த ஒரு வலையும் அதைத் திறந்தபடி வைத்திருக்க நீரோட்டத்தில் விரியும் துண்டும் உண்டு. படகில் ஏற்றப்படும் கடற்சிங்கச் சடலங்கள் பெரிதும் குறைந்தன. ஆனால் வெளியேறியவை உயிரோடுதான் வெளியேறினவா, தடுப்பில் மோதித் தலையில் அடிபட்டவை பின்னர் இறந்தனவா என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஆஸ்திரேலியாவின் பில்பரா கடற்பகுதி இழுவலைகளில் வேறொரு பாடம் கிடைத்தது: வெளியேறும் திறப்பு கீழ்ப்புறம் இருந்தால், இறந்த டால்பின் தளத்துக்கு வருமுன்பே நழுவிக் கடலுக்குள் விழுந்துவிடும், எவரும் எண்ணவும் மாட்டார்கள். மூச்சு தேவைப்படும் விலங்கு மேல்நோக்கித்தான் வழி தேடும் என்பதால், திறப்பு மேலே இருப்பது உடலியல்படியும் சரி, கணக்குப்படியும் சரி.

எல்லாவற்றையும்விடப் பெரிய எடுத்துக்காட்டு, கிழக்கு வெப்பமண்டலப் பசிபிக்கின் சூரை மீன்பிடிப்பு. அங்கே மஞ்சள் துடுப்புச் சூரை டால்பின் கூட்டத்தோடு சேர்ந்தே நீந்துகிறது. ஆகவே டால்பின்களைத் தேடிக் கண்டு, அவற்றைச் சுற்றியே சுருக்கு வலையை வளைத்தார்கள். 1950-களின் இறுதி தொடங்கி அங்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட டால்பின்கள் இறந்திருக்கின்றன. இதற்கு மாற்று வழி கண்டவர்கள் மீன்பிடிக் கப்பல் தலைவர்களே. வலையை இழுத்துச் சுருக்கும் நடுவில் கப்பலைப் பின்னோக்கிச் செலுத்தினால், வலை நீண்ட கால்வாய்போல் ஒடுங்கும். அதன் கடைக்கோடியில் மிதவைக் கயிறு நீருக்குள் அமிழும். மேலே நிற்கும் டால்பின்கள் அதைத் தாண்டி வெளியேற, ஆழத்தில் நிற்கும் சூரை உள்ளேயே இருக்கும். ஆயினும் அந்த இடத்தின் பெரிய கண்ணிகளில் டால்பின்களின் அலகும் துடுப்பும் மாட்டிக்கொண்டன. 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டு மெடினா என்ற கப்பல் தலைவர், சுமார் 10 செண்டிமீட்டர் கண்ணி கொண்ட அந்த வலையில், டால்பின்கள் வந்து முட்டும் பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் கண்ணி வலைத் துண்டைச் சேர்த்தார். வலையின் மற்ற பகுதி எதுவும் மாறவில்லை. அது பின்னர் இன்னும் சிறிய கண்ணியாகச் செம்மையாக்கப்பட்டது.

இங்கே வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டியது, அந்த வலைத் துண்டும் பின்னோக்கிச் செலுத்தும் முறையும் கைவசம் இருந்தும்கூட 1986-ஆம் ஆண்டில் 1,30,000-க்கும் மேற்பட்ட டால்பின்கள் இறந்தன என்பதே. 1992-இல் நாடுகள் உடன்பட்டு, ஒவ்வொரு கப்பலுக்கும் இறப்பு வரம்பு விதித்து, பெரிய கப்பல் ஒவ்வொன்றிலும் கண்காணிப்பாளரை ஏற்றிய பிறகுதான், 1993-இல் அந்த எண் 4,000-க்கும் கீழே இறங்கியது. வலை நல்ல வலைதான். அதை ஒவ்வொரு முறையும் முறையாகப் பயன்படுத்தக் காரணம் வேண்டியிருந்தது.


கரையோரம் எழுதியது:

நண்பர் மடிக்கயிறு சொன்னதை இன்னும் ஒரு படி கொண்டு செல்கிறேன். எவ்வளவு குறைத்தால் போதும் என்பதை எவரும் கேட்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் 1994-இல் சேர்க்கப்பட்ட ஒரு கணக்கு இருக்கிறது: கூட்டத்தின் குறைந்தபட்ச மதிப்பீட்டு எண்ணிக்கையை, அது பெருகக்கூடிய உச்ச வேகத்தின் பாதியால் பெருக்கி, மீட்சிக் காரணி (கூட்டத்தின் நிலை மோசமாக இருந்தால் இதைக் குறைத்து வைப்பார்கள்) ஒன்றாலும் பெருக்க வேண்டும். திமிங்கல, டால்பின் இனங்களுக்கு உச்ச வேகம் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று பொதுவாகக் கொள்வார்கள். 1,000 விலங்குகள் உள்ள கூட்டத்துக்கு மீட்சிக் காரணி 0.5 என்றால், மனிதச் செயலால் ஆண்டுக்கு 10 விலங்குகளுக்குமேல் இறக்கலாகாது. 50 விலங்குகளே எஞ்சிய, அழிவின் விளிம்பில் உள்ள கூட்டத்துக்குக் காரணியை 0.1 என்று வைத்தால், விடை 0.1, அதாவது பத்தாண்டுகளுக்கு ஒன்று. எந்த வலை வடிவமும் அந்த அளவுக்கு உறுதி தர இயலாது.

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் மட்டும் வாழும் வாக்கிட்டா என்ற கடற்பன்றி 1997-இல் ஏறத்தாழ 570 இருந்தது. இன்று எஞ்சியிருப்பவை பத்து அளவில்தான். டொடோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்காகச் சட்டவிரோதமாகப் போடப்படும் செவுள் வலைகள் முக்கியக் காரணம். அங்கே செவுள் வலையைத் திருத்துவது பற்றிப் பேசுவது பொருளற்றது; ஒலிக்கருவி வைத்தால், எஞ்சியிருக்கும் சிறு வாழிடத்திலிருந்தும் அவை விரட்டப்படும். செவுள் வலை அறவே இல்லாத பகுதியும், அம்மீனவர்கள் பிழைக்க வேறு கருவியும் வேண்டும். உங்கள் குழு வடிவமைப்பைத் தொடங்கும் முன், உங்கள் கடலிலுள்ள கூட்டம் எவ்வளவு பெரியது என்பதைக் கேட்டறியுமாறு வேண்டுகிறேன்.


துடுப்பு எழுதியது:

கரையோரம் அவர்களோடு ஓரளவே உடன்படுகிறேன். மூட வேண்டிய இடத்தை மூடத்தான் வேண்டும். ஆனால் மூடிய பகுதியில் போட வேண்டிய வலையை அதன் எல்லைக்கு வெளியே ஒன்றாக நெருக்கிப் போடுவதும் நடக்கிறது. அந்த எல்லைக்கு வெளியே டால்பின்கள் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே அங்கேயும் நல்ல வலை தேவைப்படுகிறது.


வலைக்கண்ணி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேட்டவற்றுக்கு விடை சொல்கிறேன். நாங்கள் கருதியிருப்பது சூரைக்காக இரவில் நீர்மட்டத்தில் மிதக்கவிடும் வழிவலை. சிக்குவது பெரும்பாலும் டால்பின்கள், கடற்பன்றி அரிது. கடற்சிங்கமோ கடல்நாயோ அங்கே இல்லை. டால்பின் கூட்டங்கள் பெரியவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் சரியான கணக்கெடுப்பு நடந்ததில்லை. படகுகள் சிறியவை. அப்படியானால் எதிரொலிக்கும் நூல் எங்களுக்குப் பொருந்தாது என்று கொள்ளலாமா? அதில்தான் எங்கள் குழுவில் பலருக்கு ஆர்வம்.


அலைவரிசை எழுதியது:

பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆர்வம் ஏற்படுவதன் காரணம் புரிகிறது. பொறியியல் நோக்கில் அது அழகான சிந்தனை. பேரியம் சல்பேட்டை நைலானோடு கலந்து செய்த வலைகள் ஃபண்டி விரிகுடாவில் நம்பிக்கை அளித்தன. டென்மார்க்கில் இரும்பு ஆக்சைடு கலந்த வலையிலும் கடற்பன்றிகள் குறைவாகவே சிக்கின. ஆனால் அளந்து பார்த்தபோது அந்த வலையின் எதிரொலி சாதாரண வலையைவிட அதிகமில்லை, நூல் விறைப்பாக இருந்ததுதான் காரணமாகலாம் என்று தெரிந்தது. விறைப்பான வலையில் மீனும் குறைவாக மாட்டும்.

இதற்குப் பிறகு ஜெர்மனியின் தூனன் நிறுவனத்தார் நூலை மாற்றாமல், 10 மில்லிமீட்டருக்கும் சிறிய அக்ரிலிக் உருண்டைகளைக் கண்ணிகளில் ஒட்டும் முறையை உருவாக்கினார்கள். அந்த அளவில் அவை 130 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு ஒத்ததிர்ந்து, தம் உருவத்துக்கு மீறிய எதிரொலி தருகின்றன. அடர்த்தி நீரோடு பெரிதும் வேறுபடாததால் வலையைக் கீழே இழுப்பதுமில்லை. நான் மதிக்கும் வேலை அது. ஆனால் கடற்பன்றியின் அதிர்வெண்ணுக்கென்றே அளவிடப்பட்டது. உங்கள் டால்பின்கள் வேறு அதிர்வெண்களில், அகன்ற வீச்சில் ஒலிப்பவை. சாதாரண வலையையே தொலைவிலிருந்து உணரக்கூடியவை.

நீர்மட்ட வழிவலைக்கு வலையைத் தாழ்த்துவதே என் தேர்வு. பாகிஸ்தானின் சூரை மீன்பிடிப்பில், மேல்கயிற்றை நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே இறங்கும்படி அமைத்த வலைகளில், டால்பின் முதலானவை சிக்கும் விகிதம் 78.5 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2021-இல் ஆய்வு வெளியானது. மீன்பாட்டில் ஏற்பட்ட குறைவு அதனோடு ஒப்பிடச் சிறியது. மூச்சுவிட மேலே வரும் விலங்கு தன் நேரத்தில் பெரும்பகுதியை மேல் அடுக்கில்தான் கழிக்கிறது. அந்த அடுக்கில் வலை இல்லை என்றால், அது எதையும் கேட்கவோ காணவோ கற்கவோ வேண்டியதில்லை. வடிவமைப்பு விலங்கின் கவனத்தை நம்பி நிற்காத வழி இது ஒன்றுதான்.

விளக்குகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். பெரு நாட்டின் சிறு படகுகளில் மேல்கயிற்றில் பச்சை விளக்குகள் கட்டிய வலைகளில் சிறு திமிங்கல இனங்கள் சிக்குவது 70.8 விழுக்காடும், கடலாமைகள் சிக்குவது 74.4 விழுக்காடும் குறைந்தன என்று 2020-இல் வெளியானது; மீன்பாடு குறையவில்லை. ஆமைகள் ஒளியைக் கண்டு விலகுவது புரிகிறது. டால்பின்கள் ஏன் விலகின என்பது இன்னும் உறுதிப்படவில்லை.


துடுப்பு எழுதியது:

தாழ்த்தும் முறை எனக்கும் பிடித்திருக்கிறது, ஏனெனில் அதில் மின்கலம் இல்லை, உடைவதற்கு எதுவும் இல்லை. மிதவையை மேல்கயிற்றோடு ஒட்டிக் கட்டாமல், 2 மீட்டர் இறங்கு கயிற்றில் கட்டினால் போதும். மேல்கயிற்றிலேயே சிறு மிதப்புகள் கொஞ்சம் இருக்கட்டும், இல்லையென்றால் மிதவைகளுக்கு நடுவே வலை தொய்ந்து கண்ணி மூடிக்கொள்ளும். ஈயத்தின் எடையையும் அதற்கேற்பச் சரிபார்க்க வேண்டும். கூடுதல் நன்மை ஒன்று உண்டு: சிறு படகுகள் வலையின்மேல் கடந்து போனால் மேல்கயிறு சுழலியில் மாட்டாது.

இறங்கு கயிறுகள் வலை வாங்கும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கயிறு சற்று விறைப்பாக இருந்தால் பின்னல் குறையும்.


மடிக்கயிறு எழுதியது:

ஓர் எச்சரிக்கை. இறங்கு கயிறு ஒவ்வொன்றும் நீரில் நிற்கும் செங்குத்துக் கயிறுதான். அப்பகுதியில் பெரிய திமிங்கலங்கள் வருவதாக இருந்தால் அவற்றின் துடுப்பிலும் வாலிலும் சுற்றிக்கொள்ளும். வட அட்லாண்டிக்கில் ரைட் திமிங்கலங்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையேனும் கயிற்றில் சிக்கிய தழும்போடு இருக்கின்றன. அங்கே பொறிக்கூண்டுக் கயிறுகளுக்கு, 1,700 பவுண்டு அதாவது ஏறத்தாழ 770 கிலோ இழுவிசையில் அறுந்துவிடும் கயிறோ இணைப்போ வேண்டும் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். உங்கள் இறங்கு கயிறு தாங்க வேண்டியது ஒரு மிதவையை மட்டுமே; ஆகவே அதைவிட எவ்வளவோ மெலிதான, எளிதில் அறும் இணைப்பைத் தயங்காமல் வைக்கலாம்.


கணக்காயர் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். சோதனையின் அளவைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன், ஏனென்றால் இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது வலையில் அல்ல, கணக்கில்.

சாதாரண வலையில் 50 முறை வலை வாங்கினால் ஒரு டால்பின் சிக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய வலை அதைப் பாதியாகக் குறைக்கிறது என்பதை, தற்செயலை விளைவு என்று தவறாகக் கொள்ளும் வாய்ப்பு வழக்கம்போல் 5 விழுக்காட்டைத் தாண்டாமலும், உண்மையான விளைவைக் கண்டறியும் வாய்ப்பு 80 விழுக்காடு இருக்கும்படியும் காட்ட, இரு வகை வலைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 68 விலங்குகள் சிக்கியாக வேண்டும். அதற்கு ஒவ்வொரு வகையிலும் 2,200-க்கும் மேற்பட்ட முறை வலை வாங்க வேண்டும். குறைப்பு 90 விழுக்காடு என்றால் மொத்தம் பத்து விலங்குகளுக்குள்ளேயே விடை தெரிந்துவிடும்; ஒவ்வொரு வகையிலும் 400 அல்லது 500 முறை போதும். மேய்ன் வளைகுடாவின் சோதனை ஒரே பருவத்தில் தெளிவான விடை தந்ததற்கு, விளைவு அவ்வளவு பெரிதாக இருந்ததும் ஒரு காரணம். ஓரளவே பயன் தரும் வலைகள் பல, பயனில்லை என்று தவறாக ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் உயிர் என்பதால், சோதனையை நீட்டிக்கொண்டே போவதும் சரியன்று. எந்த எண்ணிக்கையில் நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள்.

சிக்குவதை மட்டும் எண்ணாமல், வலையருகே சொடுக்கொலிகளைப் பதியும் கருவிகளை வைத்தால், விலங்குகள் எத்தனை முறை நெருங்கின என்பது தெரியும். நெருங்கியும் சிக்கவில்லையா, நெருங்கவே இல்லையா என்ற வேறுபாடு வடிவமைப்பாளருக்கு மிகவும் தேவை. படகில் ஒளிப்படக் கருவி வைப்பதும் நல்லது, ஏனெனில் வலை நீரைவிட்டு எழும் கணத்தில் நழுவி விழும் விலங்கைத் தளத்தில் நிற்பவர் காண்பதில்லை.

இரு வகை வலைகளையும் வெவ்வேறு படகுகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரே படகில், ஒரே இரவில், வலையின் பாதி தாழ்ந்ததாகவும் பாதி வழக்கமானதாகவும் இருக்கட்டும். எந்தப் பாதி முதலில் இறங்குகிறது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.


வலைக்கண்ணி எழுதியது:

ஒரே வலையில் இரு பாதிகள் என்றால், அவை சேரும் இடத்தில் மேல்கயிறு 2 மீட்டர் சரிந்து இறங்குமே. அந்தச் சரிவில் சிக்குவதை எந்தக் கணக்கில் எழுதுவது?


கணக்காயர் எழுதியது:

இரண்டு பாதிகளுக்கும் நடுவில் வலை இல்லாத வெறும் கயிற்று இடைவெளியை விடுங்கள். இடைவெளியின் நீளம் சரிவு முடியும் அளவுக்கு மேல் இருந்தால் போதும்.


துடுப்பு எழுதியது:

நடைமுறையில் அது எளிது. இரண்டு துண்டுகளை இணைக்கும்போது இடையில் கயிறு விடுவது வழக்கம்தான். வலை நீரில் கிடக்கும் நேரம் இரண்டு பாதிகளுக்கும் ஒன்றாக இருக்காது என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள். முதலில் இறங்கிய பாதிதான் பெரும்பாலும் கடைசியில் ஏறும். ஆகவே ஒவ்வொரு பாதியும் இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். படகிலுள்ளவர்கள் நிரப்பும் தாளில் மீனின் எடைக்கும் டால்பினுக்கும் கட்டம் இருப்பதுபோல், எதுவுமே சிக்காத இரவுக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். வெறும் வலையை எவரும் எழுதி வைப்பதில்லை. கணக்காயர் கேட்கும் அந்த 400 முறைகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையாகவே இருக்கும்.